மூன்று தளம், மூன்று ஸ்விட்ச்: லூப் விழாமல் ஸ்பேனிங் ட்ரீ அமைப்பது எப்படி?

கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜ். ரிசப்ஷன், முதல் மாடி, இரண்டாம் மாடி என்று தளத்துக்கு ஒரு சிஸ்கோ ஸ்விட்ச். ஐயப்ப சீசனில் அறையெல்லாம் நிரம்பியிருக்கும்போது ஒரு கேபிள் போய் ஒரு தளமே முடங்கக் கூடாது என்றுதான் மூன்றையும் முக்கோணமாக இணைக்கிறோம். கூடுதல் பாதையைத் தானே அடைத்து, தேவைப்படும்போது திறக்கும் ஸ்பேனிங் ட்ரீ ஓடாவிட்டால், முக்கோணம் முடிவில்லாத சுற்றாகி (லூப்) இந்தக் கூடுதல் கேபிளே வினையாகிவிடும். ஸ்விட்ச்கள் கடத்தும் தரவுத் துண்டான ஈதர்நெட் ஃபிரேமுக்கு, ஐபி பாக்கெட்டின் டிடிஎல் போல ஆயுள் எண் கிடையாது. முகவரி கேட்டு எல்லாருக்கும் போகும் ஒரே ஒரு ஏஆர்பி பிராட்காஸ்ட் போதும். அது முக்கோணத்தை இரு திசையிலும் ஓயாமல் சுற்றும். ஸ்விட்சின் எல்லா விளக்கும் ஒன்றாக வெறித்தனமாக மின்னும், பிங் (இணைப்பைச் சோதிக்கும் கட்டளை) போகாது.

1985இல் ரேடியா பெர்ல்மன் இதற்கு வழி கண்டார். ஸ்விட்ச்கள் 2 விநாடிக்கு ஒருமுறை பிபிடியு என்ற சிறு செய்தியை அனுப்பி, ஒன்றை ரூட்டாக, அதாவது மற்றவற்றுக்கு மையமாகத் தேர்ந்தெடுக்கும். மற்றவை ரூட்டுக்குச் செலவு குறைந்த பாதையை வைத்துக்கொண்டு, மிச்சப் பாதையைப் பிளாக் செய்யும்.

முதல் வேலை, ரூட்டை நீங்களே முடிவு செய்வது. இதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். பிரையாரிட்டி எண் குறைந்த ஸ்விட்சே ரூட். எல்லாவற்றிலும் அது 32768 என்றே இருந்தால், குறைந்த மேக் முகவரி (கருவியிலேயே பதிந்த வன்பொருள் எண்) உள்ளது ரூட்டாகும். பெரும்பாலும் அந்த ரூட் பழைய ஸ்விட்சாகவே இருக்கும். இரண்டாம் மாடியில் பழைய 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச் இருந்து அது ரூட்டானால் கணக்கைப் பாருங்கள் (வேகம் கூடினால் செலவு எண் குறையும்): 100 எம்பிபிஎஸ் செலவு 19, 1 ஜிபிபிஎஸ் செலவு 4. ரிசப்ஷனும் முதல் மாடியும் நேராக ரூட்டுக்குப் போக 19, சுற்றிப் போக 23. ஆக, இருப்பதிலேயே வேகமான ரிசப்ஷன்–முதல் மாடி கேபிள் பிளாக் ஆகும். முதல் மாடியின் இன்டர்நெட் முழுக்க மேலே ஏறி இறங்கும்.

எனவே இன்டர்நெட் ரூட்டர் இருக்கும் ரிசப்ஷன் ஸ்விட்சில் 'ஸ்பேனிங்-ட்ரீ விலான் 1 பிரையாரிட்டி 4096' கொடுங்கள். எண் 4096இன் மடங்காக இருக்க வேண்டும். விலான் என்பது ஸ்விட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்; 1 அதன் எண்.

அடுத்து, மூன்றிலும் ஸ்பேனிங் ட்ரீயின் வேகமான வடிவத்துக்கு மாற்றும் 'ஸ்பேனிங்-ட்ரீ மோட் ரேப்பிட்-பிவிஎஸ்டி'. பழைய முறையில் பாதை மாற 30 முதல் 50 விநாடி ஆகும். இதில் சில விநாடிக்குள் முடியும்.

கணினி, கேமரா செருகும் போர்ட்டுகளில் மட்டும், காத்திருக்காமல் உடனே இயங்கவைக்கும் போர்ட்ஃபாஸ்ட், கூடவே பிபிடியு வந்தால் போர்ட்டை அடைக்கும் பிபிடியு கார்டு. போர்ட்ஃபாஸ்ட் இல்லையென்றால் கணினி 30 விநாடி காத்திருக்கும், டிஹெச்சிபி (தானாக ஐபி முகவரி பெறுவது) தவறலாம். யாராவது சின்ன ஸ்விட்ச் ஒன்றைச் செருகி, அதன் இரு போர்ட்டை ஒரே கேபிளால் இணைத்துவிட்டால் கார்டு நம் ஸ்விட்சின் அந்தப் போர்ட்டை எர்-டிசேபிள் ஆக்கும், அதாவது பிழை என்று மூடிவிடும். கேபிளை எடுத்துவிட்டு 'ஷட்டவுன்', 'நோ ஷட்டவுன்' கொடுத்தால் போர்ட் திரும்ப வரும். பிபிடியுவைக் கடத்தாமல் விழுங்கும் மலிவு ஸ்விட்ச்களும் உண்டு; அங்கே கார்டுக்கு எதுவும் தெரியாது, ஆகவே பிராட்காஸ்ட் வெள்ளத்துக்கு வரம்பு போடும் ஸ்டார்ம் கன்ட்ரோலையும் போட்டு வையுங்கள்.

கடைசியாக 'ஷோ ஸ்பேனிங்-ட்ரீ'. ரிசப்ஷனில் 'திஸ் பிரிட்ஜ் இஸ் தி ரூட்' என்றும் பிரையாரிட்டி 4097 என்றும் வரும். விலான் எண் 1 அதில் சேர்ந்திருக்கிறது. மாடி ஸ்விட்ச்களில் ஏதாவது ஒன்றில் ஒரு போர்ட் 'பிஎல்கே' (பிளாக்) என்று நிற்க வேண்டும். அதே ஸ்விட்சில் செருகிய கணினியிலிருந்து ரூட்டருக்குத் தொடர்ந்து பிங் விட்டபடி, ரூட் போர்ட் (ரூட்டை நோக்கிய போர்ட்) கேபிளை உருவுங்கள். ஓரிரண்டு பிங் தவறி மறுபடி ஓடினால் அமைப்பு சரி.