அடைமழையிலும் மார்கழிப் பனியிலும் ஸ்போர்ட்ஸ் கார்: டெல்டாவுக்கான பராமரிப்பு முறை

குளிர்நாட்டுக்காரர்கள் சொல்லும் குளிர்காலப் பராமரிப்பை அப்படியே இங்கே எடுத்துக்கொண்டால் பாதி பயன்படாது. அங்கே வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே போனால் கோடைக்கால டயரின் ரப்பர் விறைத்துப் பிடிமானம் குறையும். சாலையில் பனி உறையாமலிருக்க உப்பு தூவுவார்கள். தஞ்சாவூரிலோ மன்னார்குடியிலோ மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். இங்கே வண்டியைக் கெடுப்பது ஈரம். ஐப்பசியில் பிடிக்கும் மழை, கார்த்திகையில் வயலெல்லாம் தேங்கும் தண்ணீர், அது வடிவதற்குள் மார்கழிப் பனி. இப்படி மூன்று மாதம் காற்று காய்வதே இல்லை.

முதலில் நிறுத்தும் இடம். தரைமட்டம் தெருவைவிட ஒன்றரை அடியாவது உயரமாக இருக்கட்டும். தாழ்ந்த வண்டியில் கதவின் அடிவிளிம்பு வரை தண்ணீர் ஏற அதிக நேரம் ஆகாது. கார்ப்பெட்டும் சீட்டுக்கு அடியில் உள்ள மின்னணுப் பெட்டிகளும்தான் முதலில் நனையும். தென்னை மரத்தடி வேண்டவே வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் எத்தனை தென்னை சாய்ந்தது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. சிமெண்டுத் தரையிலும் ஈரம் மேலேறும். கனமான பாலித்தீன் விரிப்பைப் போட்டு அதன்மேல் வண்டியை நிறுத்தினால் அடிப்பக்கம் துருப்பிடிப்பது குறையும்.

தார்ப்பாயால் இறுக்கிக் கட்டுவதுதான் பலரும் செய்கிற தவறு. உள்ளே சிக்கிய ஈரம் பகலில் ஆவியாகி, இரவில் பெயிண்ட் மீதே படியும். மழை படாத போர்டிகோ என்றால் காற்று புகும் துணிக் கவர் போதும். அதையும் ஈர வண்டிமேல் போடக் கூடாது. கழுவியதும் 30 கி.மீ. ஓட்டி, பிரேக் டிஸ்க் காய்ந்து, இன்ஜின் ஆறிய பிறகு மூடுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இருப்பவர்கள் எந்தத் தண்ணீரில் கழுவுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால், கடற்காற்று கொண்டுவந்த உப்பைக் கழுவிவிட்டு வேறு உப்பைப் பூசுகிறீர்கள். கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் எடுங்கள். வீல் வளைவுக்குள்ளும் அடிப்பக்கத்திலும் பீய்ச்சுங்கள்.

ஒரு மாதத்துக்கு மேல் நிற்கும் என்றால் இன்ஜின் ஆயிலை நிறுத்துவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். பழைய ஆயிலில் சேர்ந்த அமிலமும் ஈரமும் பேரிங்கை அரித்துக்கொண்டிருக்கும். பெட்ரோல் டேங்க்கை ஏறக்குறைய நிரப்பி வையுங்கள். இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, அது காற்றின் ஈரத்தை இழுக்கும். காலியிடம் குறைந்தால் ஈரமும் குறையும். டயரில் வழக்கத்தைவிட 4, 5 பிஎஸ்ஐ கூடுதலாகக் காற்று வையுங்கள், டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டாமல். ஹேண்ட்பிரேக் போடாதீர்கள். ஈரத்தில் பிரேக் பேட் டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும். கியரில், ஆட்டோமேட்டிக் வண்டியென்றால் ‘பி’யில் விட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் அதையும் இப்போதே மாற்றிவிடலாம்.

பேட்டரிக்கு வருவோம். நன்றாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி, வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும். 12.4 என்றால் கால்வாசி போய்விட்டது. பூட்டி நிற்கும்போதும் அலாரமும் சாவி ரிசீவரும் கரண்ட் இழுத்துக்கொண்டே இருக்கும். நிரம்பியதும் தானாகக் குறைத்துக்கொள்ளும் ஸ்மார்ட் சார்ஜரை இணைத்து வைப்பதே சிறந்த வழி. அது இல்லையென்றால் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றலாம். கழற்றுமுன் இரண்டு விஷயம். கண்ணாடியைச் சுற்றிச் சட்டமில்லாத கதவாக இருந்தால், திறக்கும்போது கண்ணாடி சற்று இறங்கும். மின்சாரம் இல்லாதபோது இறங்காது, ரப்பரைக் கிழிக்கும். கண்ணாடியை ஒரு அங்குலம் இறக்கி வையுங்கள். போர்ஷே 911 போல பேட்டரி முன்பக்க டிக்கிக்குள் இருந்து, அதன் மூடியும் மின்சாரத்தில் திறப்பதாக இருந்தால், மூடியை அழுத்திப் பூட்டாதீர்கள்.

வயலில் தண்ணீர் ஏறினால் எலி வீட்டுக்குள் வரும், தை அறுவடை முடிந்தால் இன்னும் வரும். ஒயர் கடிபட்டால் செலவு பெரியது. புகையிலையைத் துணியில் கட்டி இன்ஜின் பக்கம் வைப்பது ஓரளவு கேட்கும். வாசம் போய்விடும் என்பதால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சைலன்சர் வாயில் கம்பிவலை அடைத்து, ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுங்கள், எடுக்க மறக்காமலிருக்க. பக்கத்தில் நெல் மூட்டையோ கோழித் தீவனமோ இருந்தால் மற்ற எதுவும் பயன்படாது.

வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. இன்ஜின் முழுச் சூடு அடையாவிட்டால் அது சைலன்சரிலும் ஆயிலிலும் தங்கும். ஓட்டினால் ஒழுங்காக ஓட்டுங்கள்: 15 நாளுக்கு ஒருமுறை, மழை விட்ட நாளில், பனி காய்ந்த பத்து மணிக்குமேல், தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போகும் தூரம், அதாவது 40 கி.மீ. போல. ஏசியும் கொஞ்ச நேரம் ஓடட்டும்.

விடியற்காலையில் போயே ஆகவேண்டும் என்றால் ஹைபீம் போடாதீர்கள். பனிமூட்டத்தில் வெளிச்சம் திரும்பி உங்கள் கண்ணிலேயே அடிக்கும். கண்ணாடி உள்ளே மங்கினால் ஏசியைப் போட்டு, வெளிக்காற்று வரும்படி வையுங்கள்.

தண்ணீர் ஏறிவிட்டால் சாவியைத் தொடாதீர்கள். இந்த வண்டிகளில் காற்று இழுக்கும் வாய் தாழ்வாக இருக்கும். சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுதான் வளையும். நெகட்டிவைக் கழற்றிவிட்டு, கயிறு கட்டி இழுக்காமல், முழுவண்டியையும் மேலே ஏற்றும் லாரியை வரவழையுங்கள். பட்டறையில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கும்வரை யாரும் ஸ்டார்ட் செய்யக் கூடாது.

தை, மாசியில் சாலையில் வைக்கோலும் உளுந்துச் செடியும் காயப் போட்டிருப்பார்கள். உயரமான வண்டிகள் தாண்டிவிடும். உங்கள் வண்டியின் அடி அதில் உரசிப் போகும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூடேறியிருக்கும்போது அதில் வைக்கோல் சுற்றினால் தீப்பிடிக்கும். சுற்றிப் போக வழியிருந்தால் சுற்றிப் போங்கள். இல்லாவிட்டால் தாண்டியதும் வெறும் தார்ச்சாலையில் ஓரமாக நிறுத்தி, அடியில் குனிந்து பார்த்து, சிக்கியதை ஒரு குச்சியால் இழுத்துப் போடுங்கள். ஒரு கிலோ தீயணைப்பான் சீட்டுக்குப் பக்கத்தில் கைக்கெட்டும்படி இருக்கட்டும்.