ஆள்காட்டி ஏன் கத்தியது? பிள்ளைகளின் இயற்கை வீடியோக்களில் நாம் செய்யும் தவறுகள்

போன மே மாதம், திருநெல்வேலிப் பக்கம் ஒரு குளத்தங்கரை. ஒன்பதாவதும் பத்தாவதும் படிக்கிற பிள்ளைகள் ஆறு பேர், நடுவில் மூன்று மொபைல். விடுமுறைக்குள் ஆளுக்கொரு நிமிட வீடியோ என்பது பேச்சு. முதல் நாளே இரண்டு பையன்கள் துள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒரு ஆள்காட்டிக் குருவி அவர்கள் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிப் பறந்து விடாமல் கத்தியிருக்கிறது. காட்சி உண்மையிலேயே அருமை. அன்றிரவே எடிட் செய்து, பின்குரலும் சேர்த்துவிட்டார்கள்: “எங்களைக் கண்டதும் மகிழ்ச்சியில் பாடி வரவேற்கிறது இந்தப் பறவை.”

மறுநாள் அதே இடத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தாத்தா ஒரு அதட்டல் போட்டார்: “ஏல, தள்ளிப் போங்கல! முட்டை கிடக்கு, அதாம்ல அது கத்துது.”

தள்ளி நின்று தேடிப் பார்த்த பிறகுதான் கண்ணுக்குப் பட்டது. நாலு முட்டை, சரளைக் கல்லோடு கல்லாக. ஆள்காட்டி கூடு கட்டாது, வெறுந்தரையில்தான் முட்டையிடும். கோடை வெயிலில் தாய்ப்பறவை எழுந்து போனால் முட்டை வெந்துவிடும். அதற்காகவே அது தண்ணீரில் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் உட்காரும். முதல் நாள் இவர்கள் அங்கே நின்றது இருபது நிமிடம்.

இதில் பையன்களைக் குறைசொல்ல முடியாது. முதல் நாள் முழுக்க நான் ட்ரைபாட் பற்றியும் எடிட்டிங் ஆப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தேன். அதெல்லாம் அவர்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். நாம் சொல்லித்தர வேண்டியது, எப்படிப் பார்ப்பது என்பதை. இப்போதெல்லாம் முதல் நாள் மொபைலே கிடையாது. ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார வேண்டும். பறவை என்ன செய்துகொண்டிருந்தது, எப்போது அதை நிறுத்தியது, ஏன்? கால் மணி நேரம் முனகுவார்கள். அப்புறம் அடங்கிவிடும். அப்படி உட்கார்ந்த ஒரு பெண்தான், முக்குளிப்பான் கூட்டைவிட்டு இறங்கும்முன் பாசியை இழுத்து முட்டைகளை மூடிவிட்டுப் போவதைக் கண்டுபிடித்தாள். எத்தனை வருடமாக அந்தக் கரையில் நடக்கிறேன், நான் அதைப் பார்த்ததில்லை.

அடுத்தது, தலைப்பு. “புவி வெப்பமாதல் பற்றி ஒரு வீடியோ பண்ணு” என்று சொல்லிவிட்டு நாம் காபி குடிக்கப் போய்விடுகிறோம். பிள்ளை என்ன செய்யும்? இணையத்திலிருந்து ஒரு பனிக்கரடி, எரிகிற அமேசான் காடு, சோகமான புல்லாங்குழல். (ஏன் எல்லா இயற்கை வீடியோவிலும் புல்லாங்குழல் என்று யாராவது சொன்னால் தேவலை.) அதே பிள்ளையின் தெருச் சாக்கடை போய் விழுவது இந்தக் குளத்தில்தான். சாக்கடை கலக்கிற மூலையில் மட்டும் ஆகாயத்தாமரை கால் வைக்க இடமில்லாமல் மண்டிக் கிடக்கும், எதிர்க்கரையில் தண்ணீர் தெரியும். கழிவில் வருகிற சத்துதான் அதற்கு உரம். இரண்டு மூலையையும் எடுத்து அடுத்தடுத்து வைத்தால் போதும், ஒரு நிமிடத்தில் காரணமும் விளைவும் வந்துவிடுகிறது.

பேச்சு இன்னொரு தொல்லை. ரெக்கார்டு பொத்தானைத் தொட்டதும் பிள்ளையின் குரல் மாறிவிடும். “அன்பார்ந்த நண்பர்களே, மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்!” இந்தக் குரல் அவர்களுடையதல்ல, பேச்சுப் போட்டிக்கு நாம் எழுதிக்கொடுத்த குரல். வசனம் எழுதித் தராதீர்கள். பார்த்ததைப் பக்கத்தில் இருக்கிறவளிடம் சொல்லச் சொல்லி, அதையே பதிவு செய்யுங்கள். நெல்லைத் தமிழ் வந்தால் வரட்டும். காற்றுச் சத்தம் பேச்சை அமுக்கினால் மட்டும் மறுபடி எடுக்கலாம். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றாலே பாதி சரியாகிவிடும்.

தகவல் விஷயத்தில்தான் நான் கொஞ்சம் கறாராக இருக்கிறேன். தேனீ அழிந்தால் மனிதன் நாலே வருடத்தில் அழிவான் என்று ஐன்ஸ்டீன் சொன்னதாக ஒரு வரி வலம் வருகிறது. அவர் சொன்னதற்கு ஆதாரமே இல்லை. உலகத்தின் 20 சதவீத ஆக்சிஜனை அமேசான் தருகிறது என்பது இன்னொன்று. அந்தக் காடு தயாரிக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய முழுவதையும் அங்கேயே மரங்களும் மட்கவைக்கும் நுண்ணுயிர்களும் செலவழித்துவிடுகின்றன. 2020 ஊரடங்கில் வெனிஸ் கால்வாய்க்கு டால்பின் திரும்பியதாகச் சுற்றிய வீடியோ, சார்டினியா தீவில் எடுத்தது. நல்ல நோக்கத்தோடு சொல்லும் பொய்யும் பொய்தான் என்பது பதினைந்து வயதுக்குப் புரியாததில்லை, நாம்தான் சொல்வதில்லை.

உள்ளூர்ப் பிழை இதைவிட ஆபத்தானது. ஒரு குழு “சீமைக்கருவேலத்தை வேரறுப்போம்” என்று படம் எடுத்து வந்தது. படத்தில் இருந்தது அத்தனையும் நாட்டுக் கருவேலம்! நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை, காய் மணி கோத்த மாதிரி இடையிடையே இறுகி இருக்கும். சீமைக்கருவேலத்தின் பூ விரல் நீளத்துக்குக் கதிராகத் தொங்கும், காயில் அந்த இறுக்கம் கிடையாது. எங்கள் பக்கத்துக் குளங்களுக்குள் நிற்கும் நாட்டுக் கருவேலத்தில்தான் நாரையும் கொக்கும் கூடு வைக்கின்றன. அந்த வீடியோவைப் பார்த்து எவராவது அரிவாளோடு கிளம்பியிருந்தால்?

படத்தைக் காட்டினால் ஆப் சொல்லும் உயிரினப் பெயரையும் அப்படியே போடக்கூடாது, அது ஊகம்தான். தெரிந்தவர் ஒருவரிடம் காட்டிவிடுவது நல்லது. 2011 முதல் ஆண்டுதோறும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அதில் ஒரு காலை அனுபவமுள்ளவர்களோடு நின்றுவிட்டு வந்தால் பிள்ளைகளின் கண்ணே மாறிவிடும்.

இனி, உயிர்களுக்கு நாம் தருகிற தொந்தரவு. கூட்டையும் முட்டையையும் நெருங்கிப் படமெடுக்க வேண்டாம், எடுத்திருந்தாலும் பதிவேற்ற வேண்டாம். மொபைலில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் வேண்டாம்: போட்டிக்கு இன்னொன்று வந்துவிட்டதென்று அது அலைபாயும். வீட்டுக் கூண்டுக்கிளியை “க்யூட்” என்று காட்டுகிற வீடியோ நிறைய வருகிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் ஊர்க் கிளியையோ நட்சத்திர ஆமையையோ வளர்ப்பதே குற்றம்.

இடத்தின் பெயரையும் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர் பகுதியில் தேவாங்குக்கென்று 2022-இல் 11,806 ஹெக்டேரில் ஒரு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. மூடநம்பிக்கைக்காகவும் விற்பனைக்காகவும் பிடிபடும் உயிர் அது. இன்ன மரத்தில் தேவாங்கு என்று லொகேஷன் போட்டால், தேடுகிறவனுக்கு நாமே வழிகாட்டிய மாதிரி. பார்த்த உயிர்களைப் படத்தோடு பதிவு செய்கிற ஐநேச்சுரலிஸ்ட் தளமே அழியும் நிலையிலுள்ள உயிர்களின் துல்லியமான இடத்தைப் பொதுப்பார்வையில் மறைத்துவிடுகிறது. மொபைல் படத்துக்குள்ளேயே ஜிபிஎஸ் பதிந்திருக்கும், அதையும் அணைத்துவிடுங்கள். நான் இந்தக் குளத்தின் பெயரை எழுதாததும் இதனால்தான்.

பிள்ளைகளுக்கும் இதே கணக்கு. சீருடை, பள்ளிப் பெயர், வீட்டுத் தெரு எதுவும் படத்தில் வரக்கூடாது. பெற்றோர் சம்மதம் எழுத்தில் வேண்டும், வீடியோ பதிவேற்றும் இணையக் கணக்கைப் பெரியவர் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். கரையைவிட்டுத் தண்ணீரில் இறங்கவே விடாதீர்கள். வண்டல் அள்ளிய பள்ளம் மேலே தெரியாது.

கடைசியாக ஒரு தவறு, நானும் செய்யப் பார்த்தது. பிள்ளைகள் எடிட் செய்து கொடுத்ததை இரவில் உட்கார்ந்து “கொஞ்சம் சரிசெய்வது”. ஆள்காட்டிக் காட்சியை வெட்டி எறியச் சொல்ல வாயெடுத்தேன். பையன்கள் கேட்கவில்லை. பழைய கத்தலை அப்படியே முதலில் வைத்தார்கள். அதன்பிறகு, தூரத்துப் பனைமர நிழலிலிருந்து எடுத்த காட்சி: ஈர வயிற்றோடு நடந்து வந்து அது முட்டைமேல் அமர்கிறது. பின்குரல் இவ்வளவுதான்: “நேத்து அது பாடுதுன்னு நெனச்சோம். நாங்க முட்டைகிட்ட நின்னோம்லா, அதான் கத்திருக்கு.”

முதல் ஆளாகத் தாத்தாவிடம்தான் கொண்டுபோய்க் காட்டினார்கள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு முழுசாகப் பார்த்தார். “எல்லாம் சரிதான்” என்றார். “என் ஆடு ஒண்ணுகூட வரலியேல?”