பிஎச்பியில் ஃபோர்க்: வேலைகளைப் பிரித்து ஒரே நேரத்தில் ஓடவிடும் முறை

ஆயிரம் படங்களைச் சிறிதாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண பிஎச்பி ஸ்கிரிப்ட் ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்ததைத் தொடும். சர்வரில் எட்டு கோர் இருந்தாலும் ஏழு சும்மா கிடக்கும். ஓடும் ப்ராசஸ் (தாய்) தன்னைப் பிரதியெடுத்து இன்னொரு ப்ராசஸை (சேய்) உருவாக்குவதுதான் ஃபோர்க். வேலைகளைச் சேய் ப்ராசஸ்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தால் அந்தக் கோர்களும் உழைக்கும். அதற்கான எக்ஸ்டென்ஷன் பிசிஎன்டிஎல். லினக்ஸிலும் மேக்கிலும் ஓடும், விண்டோஸில் கிடையாது. (கீழே வரும் ஃபங்ஷன் பெயர்களில் இடைவெளி இருக்கும் இடத்தில் அண்டர்ஸ்கோர் போட்டுக்கொள்ளுங்கள்.)

படி 1: எங்கே ஓட்டுவது

கமாண்ட் லைனில் மட்டும். பிரவுசர் கோரிக்கைகளைக் கவனிக்கும் அப்பாச்சிக்கோ எஃப்பிஎம்முக்கோ உள்ளே ஃபோர்க் செய்யக் கூடாது. பிரவுசரிலிருந்து கோரிக்கை வந்தால் வேலையை ஒரு டேட்டாபேஸ் டேபிளில் எழுதிவிட்டு உடனே பதில் அனுப்புங்கள். அந்த டேபிளைப் பார்த்து வேலையை எடுப்பது தனி ஸ்கிரிப்ட். அதை லினக்ஸில் ஸ்கிரிப்டுகளைத் தானாக ஓட்டும் கிரானிலோ சிஸ்டம்டியிலோ ஓடவிடலாம். எக்ஸ்டென்ஷன் இருக்கிறதா என்று பார்க்க, டெர்மினலில் 'பிஎச்பி -எம்' கொடுத்து வரும் பட்டியலில் தேடுங்கள்.

படி 2: லூப்

தாய் ப்ராசஸ் முதலில் வேலைகளின் ஐடி எண்களை எல்லாம் ஒரு அரேயில் எடுத்துவிடட்டும். அரே சங்க் கொண்டு 50, 50 ஆக வெட்டினால் 20 கட்டுகள் வரும். நான்கு சேய்களுக்கு 250 வீதம் ஒரேயடியாகக் கொடுப்பதைவிட இதுவே மேல். பெரிய படங்கள் எல்லாம் ஒரே கட்டில் விழுந்தால் மூன்று சேய்கள் முடித்துவிட்டுக் காத்திருக்க, ஒன்று மட்டும் இழுத்துக்கொண்டிருக்கும்.

ஒவ்வொரு கட்டுக்கும் பிசிஎன்டிஎல் ஃபோர்க் ஒருமுறை அழைக்கப்படும். அது திருப்பும் மதிப்பு -1 என்றால் ஃபோர்க் நடக்கவில்லை. 0 என்றால் இப்போது ஓடுவது சேய். வேறு எண் என்றால் ஓடுவது தாய். அந்த எண் சேயின் பிஐடி (ப்ராசஸின் அடையாள எண்).

சேயின் பகுதி கட்டாயம் எக்ஸிட்டில் முடிய வேண்டும். மறந்தால் சேயும் லூப்பில் தொடர்ந்து, தானும் ஃபோர்க் செய்யும். நான்கு சுற்றில் 16 ப்ராசஸ், பத்துச் சுற்றில் 1024. எக்ஸிட் எழுதியிருந்தும் இது நடக்க ஒரு வழி உண்டு: சேயில் எழும் எக்ஸெப்ஷனை லூப்புக்குள், ஆனால் சேயின் பகுதிக்கு வெளியே இருக்கும் கேட்ச் பிடித்துக்கொண்டால், எக்ஸிட் வரிக்கு ஓட்டம் வராமலே போய்விடும். ஆகவே சேயின் வேலையை அதற்கென்று ஒரு ட்ரை-கேட்சில் அடைத்து, கேட்சில் எக்ஸிட் 1 போடுங்கள்.

படி 3: டேட்டாபேஸ் கனெக்‌ஷன்

பெரும்பாலோர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். முதல் சேய் முடிந்ததும் தாயின் அடுத்த குவெரி 'மைஸ்க்யூஎல் சர்வர் ஹேஸ் கான் அவே' என்று விழும். சர்வர் டைம்அவுட்டைக் கூட்டிப் பார்த்துப் பயனில்லை, காரணம் அங்கே இல்லை.

ஃபோர்க் நடக்கும்போது நினைவகம் சேய்க்குத் தனிப் பிரதியாகக் கிடைக்கிறது. டேட்டாபேஸோடு பேசத் திறந்திருக்கும் சாக்கெட் அப்படிப் பிரதியாவதில்லை. தாயும் சேயும் பிடித்திருப்பது ஒரே சாக்கெட்டை. சேய் எக்ஸிட் ஆகும்போது டேட்டாபேஸோடு பேசும் பிடிஓ ஆப்ஜெக்ட் அழிகிறது. அழியும்போது 'முடித்துக்கொள்கிறேன்' என்ற செய்தியை அதே சாக்கெட்டில் அனுப்புகிறது. மைஸ்க்யூஎல் கனெக்‌ஷனை மூடிவிடுகிறது. தாய்க்கு இது தெரியாது.

'சேயின் முதல் வரியிலேயே கனெக்‌ஷனை நல் (வெற்று மதிப்பு) ஆக்கிவிடலாமே' என்று தோன்றும். அதுவும் அதே செய்தியைத்தான் அனுப்பும், கொஞ்சம் முன்னதாக. சரியான வழி, ஃபோர்க்குக்கு முன்பே தாயில் நல் ஆக்குவது. ஐடிகளை எடுத்த ஸ்டேட்மென்ட் ஆப்ஜெக்டையும் சேர்த்து நல் ஆக்குங்கள். அது உயிரோடு இருக்கும்வரை கனெக்‌ஷனை விடாது. பெர்சிஸ்டென்ட் கனெக்‌ஷன் இந்த ஸ்கிரிப்டில் வேண்டவே வேண்டாம், நல் ஆக்கினாலும் மூடாது. பிறகு ஒவ்வொரு சேயும் தனக்கென்று புதிதாகத் திறந்துகொள்ளட்டும். எல்லாச் சேய்களும் முடிந்த பின் தாயும் மறுபடி திறக்கலாம். ரெடிஸுக்கும் இதே விதி.

பிரதியாகும் மற்றவற்றிலும் கவனம் தேவை. ரேண்டம் எண் தரும் எம்டி ரேண்டைத் தாய் முன்பே அழைத்திருந்தால் எல்லாச் சேய்களுக்கும் ஒரே எண் வரிசை வரும். அதை வைத்துத் தற்காலிகக் கோப்புக்குப் பெயர் வைத்தால் ஒன்றின் மேல் ஒன்று எழுதும். ரேண்டம் இன்ட் பயன்படுத்துங்கள்.

படி 4: அளவும் காத்திருப்பும்

20 கட்டு இருக்கிறது என்று 20 சேய்களையும் ஒன்றாக எழுப்பாதீர்கள். படத்தைச் சிறிதாக்குவது சிபியு வேலை, கோர் எண்ணிக்கையே உச்சவரம்பு. ஓடும் பிஐடிகளை ஒரு அரேயில் வைத்து, எண்ணிக்கை வரம்பைத் தொட்டதும் பிசிஎன்டிஎல் வெயிட் அழையுங்கள். ஏதாவது ஒரு சேய் முடியும்வரை அது நிற்கும். முடிந்ததன் பிஐடியைத் திருப்பும். அதை அரேயிலிருந்து நீக்கிவிட்டு அடுத்த கட்டுக்கு ஃபோர்க் செய்யுங்கள். லூப் முடிந்ததும் அரே காலியாகும்வரை வெயிட் தொடர வேண்டும். வெயிட் அழைக்காமல் தாய் ஓடிக்கொண்டே இருந்தால், முடிந்த சேய்கள் ப்ராசஸ் பட்டியலில் ஸோம்பிகளாகத் தங்கும்.

வெயிட் தரும் ஸ்டேட்டஸை நேரே பார்த்தால் எக்ஸிட் 1 என்பது 256 ஆகத் தெரியும். முதலில் பிசிஎன்டிஎல் டபிள்யூஇஃப்எக்ஸிட்டெட் உண்மையா என்று பாருங்கள். உண்மை என்றால் பிசிஎன்டிஎல் டபிள்யூஎக்ஸிட்ஸ்டேட்டஸ் கொடுப்பதே சரியான எண். பொய் என்றால் சேயை ஏதோ சிக்னல் கொன்றிருக்கிறது. பிசிஎன்டிஎல் டபிள்யூடெர்ம்சிக் 9 என்று சொன்னால் பெரும்பாலும் நினைவகம் போதாமல் கெர்னல் கொன்றதுதான், வரம்பைக் குறையுங்கள்.

படி 5: விடையைத் திரும்பப் பெறுவது

சேயில் ஒரு வேரியபிளை மாற்றினால் தாயில் மாறாது. எக்ஸிட் எண்ணில் வெற்றி, தோல்வி மட்டும் சொல்லலாம். மற்றதைச் சேயே டேட்டாபேஸில் எழுதிவிடட்டும். ஸ்ட்ரீம் சாக்கெட் பேர் கொண்டு குழாய் போட்டும் அனுப்பலாம், ஆனால் தொடக்கத்தில் அது தேவையில்லாத சிக்கல்.

எந்த வேலைக்கும் ஃபோர்க்தான் என்று நினைக்க வேண்டாம். வெளி ஏபிஐகளின் பதிலுக்குக் காத்திருப்பதே வேலை என்றால் கர்ல் மல்டி போதும், ஒரே ப்ராசஸில் முடிந்துவிடும். லாராவெல் போன்ற ஃப்ரேம்வொர்க்குக்குள் இருந்தால் சிம்ஃபனி ப்ராசஸ் என்ற லைப்ரரி நல்லது. அது புதிய பிஎச்பியைத் தனியாகத் தொடங்குவதால் படி 3-ன் தொல்லை எழாது; தொடங்கும் நேரம் மட்டும் சற்றுக் கூடும்.

பின்சேர்க்கை: டாக்கரின் அதிகாரபூர்வ பிஎச்பி இமேஜில் பிசிஎன்டிஎல் இருக்காது. டாக்கர்ஃபைலில் 'டாக்கர்-பிஎச்பி-எக்ஸ்ட்-இன்ஸ்டால் பிசிஎன்டிஎல்' என்று ஒரு ரன் வரி சேருங்கள். அவுட்புட் இரண்டு முறை அச்சாகிறதா? ஃபோர்க்குக்கு முன் பஃபரில் தங்கியிருந்த எழுத்துகளைச் சேயும் பிரதியெடுத்துக் கொட்டுகிறது. ஓபி எண்ட் ஃப்ளஷ் அழைத்துவிட்டு ஃபோர்க் செய்தால் நின்றுவிடும்.