அப்பா விட்டுச்சென்ற பஜெரோவை மணலுக்கும் சேற்றுக்கும் தயார்ப்படுத்துவது

திருகோணமலையில் ஒரு பழைய பஜெரோ கைக்கு வந்தால் மனம் முதலில் ஓடுவது பெரிய டயருக்கும் கூரைக் கரியருக்கும்தான். அந்தக் காசைக் கொஞ்சக் காலம் பொத்திப் பிடியுங்கள். இந்தக் கரையில் ஜீப்பைத் தின்பது பாறையல்ல. உப்புக் காற்றும், காய்ந்துபோன ரப்பரும், வெக்கையும்தான். இந்த மூன்றையும் சரிக்கட்டிய வண்டி, சாதாரண டயரோடேயே நிலாவெளி மணலிலும் தம்பலகாமத்து வயல் பாதையிலும் போய்த் திரும்பும். சரிக்கட்டாத வண்டிக்கு எவ்வளவு பெரிய டயர் போட்டாலும் அது கயிற்றில்தான் வீடு வரும்.

இங்கே சொல்வது 1990களில் வந்த இரண்டாம் தலைமுறை டீசல் பஜெரோவை மனதில் வைத்து. இசுசு ட்ரூப்பர், நிசான் பட்ரோல், பழைய டொயோட்டா பிராடோ வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

பத்திர வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். பதிவு இன்னும் இறந்தவர் பெயரில் இருந்தால், இறப்புச் சான்றிதழோடும் மற்ற வாரிசுகளின் சம்மதத்தோடும் பெயர் மாற்றத்தைத் தொடங்குங்கள். காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. பெயர் மாறாத வண்டிக்குப் பெருங்காசு செலவழித்த பிறகு குடும்பத்துக்குள் பங்குக் கதை கிளம்பினால், அதைத் தீர்க்க எந்தக் கராஜாலும் ஏலாது.

எஞ்சினை எழுப்ப முன்

மாதக்கணக்கில் நின்ற டீசல் எஞ்சினைச் சாவி போட்டு உடனே எழுப்பக் கூடாது. ஒயில் முழுக்கக் கீழே இறங்கி, பேரிங்குகள் வறண்டிருக்கும். டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். ஒயில் பால் கலந்ததுபோல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. அதோடு நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

அடுத்தது டீசல் பில்டர். அடியிலுள்ள ட்ரெயின் பிளக்கைத் திறந்து, ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள். தண்ணீர் அடியில் தனியாகத் தங்குவது கண்ணுக்குத் தெரியும். தெளிந்த டீசல் வரும்வரை விடுங்கள். கறுப்பாக, வழுவழுப்பாக ஏதும் வந்தால் டாங்கையே இறக்கிக் கழுவ வேண்டும். டீசலுக்கும் அடியில் தேங்கிய நீருக்கும் இடையில் நுண்ணுயிர் வளர்ந்திருக்கிறது என்பது அதன் பொருள். டாங்கைக் கழுவாமல் புது பில்டர் போட்டால் அதுவும் சீக்கிரம் அடைபடும். பிறகு பில்டரின் தலையிலுள்ள கைப்பம்பை இறுகும்வரை அழுத்துங்கள். எஞ்சின் எழும்பாமல் இருக்க, டீசல் பம்பிலுள்ள ஸ்டொப் சொலனொயிட்டின் (டீசலை நிறுத்தும் மின்வால்வு) வயரைக் கழற்றிவிட்டு, பத்துப் பத்து விநாடியாக மூன்று நான்கு தரம் ஸ்டார்ட்டரை அடியுங்கள். இடையில் ஒரு நிமிடம் ஆற விடுங்கள். ஒயில் லைட் அணைந்ததும் வயரைப் பூட்டி எழுப்பலாம்.

ஓட முன் பிரேக். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், கடற்கரை ஊரில் இன்னும் அதிகமாக. பழையதை முழுக்க வெளியேற்றி, டொட் 4 தரப் பிரேக் ஒயில் ஊற்றி, குழாயில் மாட்டிய எயாரை எடுங்கள். நான்கு சில்லையும் கழற்றி கலிப்பரின் சறுக்கு ஊசிகள் அசைகின்றனவா என்று பாருங்கள். இறுகியிருந்தால் கழற்றித் துருவைத் துடைத்து, பிரேக்குக்கான கிரீஸ் பூசுங்கள். ரப்பர் பிரேக் ஹோஸை விரலால் மடித்தால் வெடிப்புத் தெரிகிறதா? யோசிக்க வேண்டாம், மாற்றுங்கள்.

துருவைத் தேடுவது

ஒரு சின்னச் சுத்தியலும் பழைய ஸ்குரூ டிரைவரும் போதும். வண்டியைக் கட்டைகளில் நிறுத்தி (ஜக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது) செஸியை முன்னிருந்து பின்னாக ஒவ்வொரு சாணுக்கும் ஒருமுறை தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இரும்பு கணீரென்னும். உக்கியது மொத்தெனும். அந்த இடத்தில் ஸ்குரூ டிரைவரைக் குத்தி அழுத்துங்கள். இறங்கினால் அது பெயின்ற் அடிக்கும் வேலையல்ல, வெட்டி ஒட்டும் வேலை. கூடுதல் கவனம் வேண்டிய இடங்கள்: பின் அச்சுக்கு மேலே செஸி வளைந்து ஏறும் பகுதி, பின் ட்ரெயிலிங் ஆம் செஸியில் பூட்டும் இடம், பொடி மவுண்ட்கள், கதவுக்குக் கீழுள்ள சில், பின் சில்லு வளைவின் உட்புறம். பின் அச்சுக்கு மேலே போகும் இரும்புப் பிரேக் குழாயும் அப்படித்தான். வெளியே தூசி, அடியில் துரு.

செஸி பெட்டிபோல் மூடியது. அடியில் நீர் வடியத் துளைகள் இருக்கும். மணல் அதை அடைத்தால் உப்புநீர் உள்ளேயே தேங்கி, இரும்பை உள்ளிருந்து தின்னும். கம்பியால் எல்லாத் துளையையும் குத்தித் திறந்து, நல்ல தண்ணீரை உள்ளே பாய்ச்சுங்கள். கலங்கல் நின்று தெளிந்த நீர் வரவேண்டும். இரண்டு மூன்று நாள் வெயிலில் காய விட்டு, வெளித்துருவைக் கம்பித் தூரிகையால் உரசி, பொஸ்பரிக் அமிலமுள்ள துரு மாற்றி பூசி, அதன்மேல் பிரைமர், பிறகு செஸி பெயின்ற். உட்புறத்துக்குத் துளை வழியாக மெழுகு வகைத் துருத்தடுப்பானை நீண்ட குழாயால் அடிக்க வேண்டும்.

இரண்டு வழக்கங்களை விட்டுவிடுங்கள். ஒன்று, துருவின் மேலேயே தார்ப் பூச்சு அடிப்பது. ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு, மேலே பளபளப்பும் கீழே சல்லடையும் மிஞ்சும். மற்றது, கழித்த எஞ்சின் ஒயிலை அடியெல்லாம் விசிறுவது. இரும்புக்கு நல்லதுதான். ஆனால் ரப்பர் புஷ்களை ஊறவைத்துக் கெடுக்கும், பிரேக்கில் பட்டால் உயிருக்கே வினை.

வெல்டிங் வேலைக்குக் கொடுக்கும்போது பற்றரியின் நெகடிவ் முனையைக் கழற்றச் சொல்லுங்கள். டாங்குக்குப் பக்கத்தில் என்றால் டாங்கை இறக்கத்தான் வேண்டும்.

பெல்ட்டும் சூடும்

எஞ்சின் எதுவென்று தெரிந்துகொள்ளுங்கள். 2.5 லீற்றர் 4டி56 என்றால் டைமிங் பெல்ட் இருக்கிறது. 2.8 லீற்றர் 4எம்40 என்றால் செயின். பெல்ட்டை 90,000 முதல் 100,000 கிலோமீற்றருக்குள் மாற்ற வேண்டும். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று எழுத்தில் இல்லையா, மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு இப்போதே மாற்றுங்கள். 4டி56-இல் பெல்ட் இரண்டு. பலன்ஸ் ஷாஃப்டுக்கான சின்னப் பெல்ட்டை மறப்பவர்கள் அதிகம். அது அறுந்து பெரிய பெல்ட்டுக்குள் சிக்கினால் வால்வை பிஸ்டன் அடித்து, ரொக்கர் ஆம்கள் ஒடியும். இரண்டு பெல்ட், இரண்டு டென்ஷனர், கிராங்க் முன் சீல், முடிந்தால் வாட்டர் பம்ப், எல்லாம் ஒரே தடவையில். கூலி ஒன்றுதான். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்த சாமான் எல்லாம் கிடைக்கும், ஆனால் பெல்ட், சீல், பிரேக் ஹோஸ் மூன்றையும் பாவித்ததாக வாங்காதீர்கள். ரன்ஸ்பர் கேஸ் (முன்பின் அச்சுகளுக்கு இழுவையைப் பிரிக்கும் பெட்டி), கண்ணாடி, லைட், கதவு என்றால் தாராளமாக வாங்கலாம்.

மணலில் லோ கியரில் ஊரும்போது எஞ்சின் முழுப்பாரம் இழுக்கும், முன்னாலிருந்து காற்று வராது. சித்திரை வெயிலில் இது பெரிய சோதனை. 4எம்40-இன் ஹெட் (எஞ்சினின் மேற்பகுதி), சூடு ஏறினால் வெடிப்பு விழக்கூடியது. ஆகவே ரேடியேற்றரின் வெளிச் செதில்களை எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக மெல்லிய நீரால் கழுவுங்கள். எதிர்ப்பக்கமிருந்து அடித்தால் மணல் இன்னும் உள்ளே போய் இறுகும். வண்டி நன்றாகச் சூடான பின் எஞ்சினை நிறுத்தி, பேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையோடு நகர்ந்து நிற்கவேண்டும். இலகுவாகப் பல சுற்று ஓடினால் பேனை எஞ்சினோடு இணைக்கும் விஸ்கஸ் கப்ளிங் போய்விட்டது.

சூடு ஏறும் வண்டியில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம்மூர்ப் பழக்கம். அதைக் கழற்றினால் பைபாஸ் வழி திறந்தே கிடக்கும் எஞ்சின்களும் உண்டு. அவற்றில் ஒரு பகுதி நீர் ரேடியேற்றருக்குப் போகாமலே திரும்பும், கடும் பாரத்தில் சூடு இன்னும் ஏறும். புதியதைப் போடுங்கள். கூலண்டும் காய்ச்சி வடித்த நீரும் பாதிக்குப் பாதி. கரையோரக் கிணற்று நீர் உவர், அதை ஒருபோதும் ஊற்றாதீர்கள்.

நான்கு சில்லும் உண்மையில் இழுக்கிறதா

பஜெரோவின் சூப்பர் செலக்ட் லீவரில் (நான்கு சில்லு இழுவையைப் போடும் லீவர்) நான்கு நிலை: 2எச், 4எச், 4எச்எல்சி, 4எல்எல்சி. 4எச்-ஐத் தார் ரோட்டிலும் பாவிக்கலாம், முன்பின் அச்சுகளை வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் நடு டிஃபரன்சியல் திறந்திருக்கும். 4எச்எல்சி-யில் அது பூட்டிவிடும். முன்பின் அச்சுகள் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும், வளைவில் சில்லு சறுக்கியே தீரவேண்டும். தார் சறுக்க விடாது, அந்த முறுக்கு கியர்களில் ஏறும். மணல், சேறு, ஈரப்புல் தவிர வேறெங்கும் அதைப் போடாதீர்கள். 4எல்எல்சி (அதே பூட்டு, லோ கியரில்) போட வண்டி முழுக்க நிற்கவேண்டும்.

பழைய பஜெரோவில் அடிக்கடி செத்துக் கிடப்பது முன் அச்சை இணைக்கும் வாக்கியூம் கருவி. லீவரை 4எச்-க்குத் தள்ளியும் டாஷ்போர்டில் முன் சில்லு லைட்டுகள் மின்னி மின்னி எரிந்துகொண்டே இருந்தால், முன் அச்சு இணையவில்லை. கியர்பெட்டி போய்விட்டது என்று யாராவது பெரிய பில் சொல்ல முன், பொனட்டைத் திறந்து மெல்லிய ரப்பர் குழாய்களைப் பாருங்கள். வெக்கையில் முனை விரிந்து வெடித்திருக்கும். ஒரு துண்டை வெட்டிக் கடைக்குக் கொண்டுபோய் அதே உள்விட்டத்தில் வாங்கி, ஒவ்வொன்றாக மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றினால் எது எங்கே என்று குழம்பும். அதற்கும் சரிவராவிட்டால் முன் அச்சிலுள்ள கருவியின் குழாயில் ஊசியில்லாத சிரிஞ்சைப் பொருத்தி இழுத்துப் பிடியுங்கள். சிரிஞ்சின் பிஸ்டன் தளர்ந்தால் கருவிக்குள் இருக்கும் டயஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிந்திருக்கிறது. இறுகி நின்றால் பிழை சொலனொயிட் வால்வுகளில் அல்லது வயரில்.

ஒயில் மாற்றும்போது ஒரு ஒழுங்கு: முதலில் நிரப்பும் பிளக்கைத் திறவுங்கள், அது கழன்ற பிறகே வடிக்கும் பிளக். மேல் பிளக் துருப்பிடித்துக் கழலாவிட்டால், வடித்த டிஃபரன்சியலோடு வண்டி நின்றுவிடும். டிஃபரன்சியல்களுக்கு ஜிஎல்-5 தரத்தில் 80டபிள்யூ-90, பின்னால் எல்எஸ்டி (ஒரு சில்லு மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்சியல்) இருந்தால் எல்எஸ்டி-க்கான ஒயில், மெனுவல் கியர்பெட்டிக்கு ஜிஎல்-4. நிரப்பும் துளையின் கீழ் விளிம்பில் ஒயில் தட்டுப்பட்டால் அளவு சரி.

அப்படியே டிஃபரன்சியல் மூச்சுக்குழாயையும் நீட்டிவிடுங்கள். சூடான டிஃபரன்சியல் வெள்ளத்தில் இறங்கினால் உள்காற்று சட்டென்று சுருங்கும். மூச்சுத்துளை நீருக்குள் இருந்தால் நீரைத்தான் உறிஞ்சும். ஒயில் தாங்கும் ஒரு ரப்பர் ஹோஸைப் பூட்டிப் பொனட்டுக்குள் உயரத்தில் கட்டினால் போதும். மாரிக்கு மூதூர், வெருகல் பக்கம் போகிறவர்களுக்கு ஸ்நோர்கலைவிட (எஞ்சினுக்கு உயரத்திலிருந்து காற்று எடுக்கும் குழாய்) இது அவசரம்.

டயரும் உயரமும்

டயரின் பக்கத்திலுள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டன் நன்றாக இருந்தாலும் பத்து வயது தாண்டினால் எடுத்துவிடுங்கள். குறைந்த காற்றில் வளைந்து ஓடும்போது பழைய பக்கச்சுவர் பிளக்கும்.

265/70ஆர்15 டயரின் விட்டம் ஏறத்தாழ 752 மி.மீ. ஆசைப்படும் 31 அங்குல டயர் ஏறத்தாழ 787. விட்டத்தில் 35 கூடினால் தரைக்கும் வண்டிக்கும் இடையில் கூடுவது அதில் பாதி, 17 மி.மீ சொச்சம். ஸ்பீடோமீற்றரும் 5 சதவீதமளவு குறைத்துக் காட்டும். இந்த லாபத்துக்கு அந்த விலை வேண்டுமா என்று கணக்குப் பாருங்கள். ஏ.டி. வகை (ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவான டயர்) போதும். மட் டயரின் பெரிய கட்டைகள் கடற்கரை மணலைத் தோண்டி வண்டியைப் புதைக்கும்.

உயர்த்துவதென்றால் பின்னுக்கு 40 மி.மீ கூடிய ஸ்பிரிங்கும் பொருத்தமான ஷொக்கும், முன்னுக்கு டோர்ஷன் பாரை (ஸ்பிரிங்கின் வேலையைச் செய்யும் முறுக்குக் கம்பி) முறுக்குவதும். முறுக்கும் முன் அட்ஜஸ்ட் நட்டுக்கு முதல்நாளே துரு இளக்கி அடித்து ஊறவிடுங்கள். சில்லின் நடுவிலிருந்து மட்காட் விளிம்புவரை அளந்து குறித்துக்கொண்டு, முன்பக்கத்தை ஜக்கில் தூக்கி, இரு பக்கமும் சம சுற்றாக முறுக்கி, இறக்கி, கொஞ்சத் தூரம் ஓட்டி, மறுபடி அளவுங்கள். 40-ஐத் தாண்டாதீர்கள். முறுக்கினால் சில்லு மொத்தமாக அசையும் தூரம் கூடுவதில்லை, கீழே இறங்கும் தூரம்தான் குறைகிறது. அளவு மிஞ்சினால் டிரைவ் ஷாஃப்டின் கோணம் கூடி ரப்பர் பூட் கிழியும், மணல் உள்ளே போய் ஜொயின்ற் அரையும். முடிந்ததும் வீல் எலைன்மென்ற் கட்டாயம்.

மணலில் இறங்கும் நாள்

ரோட்டில் 30 பிஎஸ்ஐ ஓடும் டயரை மணலுக்கு 18-க்கு இறக்குங்கள். புதைந்தால் 15. அதற்குக் கீழே போனால் வளைக்கும்போது டயர் ரிம்மிலிருந்து கழலும். குறைந்த காற்றில் 30 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டாதீர்கள், சட்டென்று ஸ்டியரிங்கை ஒடிக்காதீர்கள். திரும்பக் காற்றடிக்க 12 வோல்ட் கம்பிரஸர் வேண்டும், பற்றரியில் நேரே கவ்வும் வகை.

சில்லு சுழலத் தொடங்கினால் உடனே காலை எடுங்கள். இன்னும் மிதித்தால் அச்சு மணலில் உட்காரும். மண்வெட்டியால் சில்லுகளுக்கு முன்னும் டிஃபரன்சியலுக்கு அடியிலும் வழித்து, வந்த தடத்திலேயே ரிவேர்ஸில் வெளியே வாருங்கள். ஜக்குக்கு அடியில் வைக்க 40 சென்ரிமீற்றர் சதுரப் பலகை ஒன்று எப்போதும் வண்டியில் இருக்கட்டும். இழுக்கும் பட்டி வண்டியின் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு தாங்க வேண்டும். இரண்டு தொன் பஜெரோவுக்கு ஐந்தாறு தொன், ஷக்கிள் 4.75 தொன் என்று பொறித்தது. டிரெயிலர் பூட்டும் குண்டில் மட்டும் பட்டியை மாட்டக் கூடாது. அது ஒடிந்தால் துப்பாக்கிக் குண்டு மாதிரிப் பறக்கும். ஆட்களைத் தூர நிறுத்திவிட்டு இழுங்கள்.

கரைவலை இழுக்கும் இடத்தில் வண்டியை இறக்காதீர்கள், வலையும் கயிறும் ஒரு குடும்பத்தின் வருமானம். காட்டுப் பக்கம் ஒதுக்குப் பிரதேச எல்லையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மிதிவெடி எச்சரிக்கும் சிவப்பு மண்டையோட்டுப் பலகை கண்ட இடத்தில் ஓரமாகக்கூட ஒதுங்காமல், வந்த தடத்திலேயே திரும்புங்கள். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடைப்பட்ட ரோட்டில் இருட்டிய பின் யானை நிற்கும்.

தண்ணீரில் முழங்காலுக்கு மேல் ஆழம் என்றால் இறங்க வேண்டாம். எஞ்சின் நீரைக் குடித்தால் கனெக்டிங் ரொட் வளைந்துவிடும். கிண்ணியாப் பக்கத்துக் களப்புநீர் ஆழம் குறைந்ததென்றாலும் உப்பு. உப்பு பட்ட அன்றே, இரவாகிவிட்டாலும், நல்ல தண்ணீரால் அடிப்பகுதி, பிரேக், செஸித் துளைகள் எல்லாம் கழுவுங்கள். முதல் 500 கிலோமீற்றருக்குப் பிறகு வீல் நட்டு, ஷொக் போல்ட், புதிதாகப் பூட்டிய ஒவ்வொரு நட்டையும் மறுபடி இறுக்கிப் பார்த்து, டிஃபரன்சியல் ஒயிலைக் கொஞ்சம் எடுத்து நிறம் பாருங்கள்.