ஆதரவு முடிந்த ஐபிஎம் ஐ: வலைச்செயலியை வெளியே வையுங்கள்

ஐபிஎம் ஐ என்பது ஐபிஎம் வணிகக் கணினிகளின் இயங்குதளம். அதன் 7.1 பதிப்பின் வழக்கமான ஆதரவு 2018 ஏப்ரலில் முடிந்தது, 7.2-இனது 2021 ஏப்ரலில், 7.3-இனது 2023 செப்டம்பரில். அதற்காகத் திருகோணமலையில் ஒரு மொத்த வியாபாரியின் கணக்கும் கிட்டங்கி இருப்பும் ஓடும் பெட்டியைக் கழித்துவிடத் தேவையில்லை. அதில் ஆர்பிஜி மொழியில் எழுதிய பழைய நிரல்கள் தம் பாட்டுக்கு ஓடும். சிக்கல் தொடங்குவது, கிண்ணியாவிலும் மூதூரிலும் நிற்கும் விற்பனையாளர் இருப்பைக் கைபேசியில் கேட்கும்போதுதான். உடனே பெட்டிக்குள் இருக்கும் அப்பாச்சி வலைச் சேவையகத்தைக் கிளப்பி, ரவுட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்துவிடுகிறார்கள். அந்த அப்பாச்சிக்கும் ஜாவாவுக்கும் இனித் திருத்தம் வராது.

பக்கத்தில் ஒரு லினக்ஸ் கணினி வையுங்கள். இந்த அளவு வேலைக்கு 8 ஜிபி நினைவகம் போதும். என்ஜின்எக்ஸ் வலைச் சேவையகம், எச்டிடிபிஎஸ் சான்றிதழ், செயலி எல்லாம் அதில். பழைய பெட்டி தரவுத்தளம் மட்டுமே. ஃபயர்வாலில் லினக்ஸ் கணினியின் முகவரிக்கு மட்டும் 449, 8471, 8476 ஆகிய போர்ட்களைத் திறவுங்கள்; ஆர்பிஜி நிரலை அழைப்பதானால் 8475-உம் வேண்டும். டெல்நெட்டின் 23-உம் நிர்வாகத் திரையின் 2001-உம் அலுவலகத்துக்கு வெளியே தெரியவே கூடாது.

செயலியைத் தரவுத்தளத்தோடு இணைக்க ஜேடிஓபன் என்ற ஜாவா நூலகத்தின் ஜேடிபிசி இயக்கி. வாசிப்பது உடனே வேலை செய்யும். எழுதப் போனால் எஸ்கியூஎல்7008 பிழை வரக்கூடும்: பழைய கோப்புகள் ஜர்னல் (மாற்றங்களைக் குறித்து வைக்கும் பதிவேடு) செய்யப்படாதவை, இயக்கியோ பரிவர்த்தனைக் கட்டுப்பாட்டோடு எழுதப் பார்க்கிறது. இயக்கியில் ஐசொலேஷனை (பரிவர்த்தனைத் தனிமை நிலையை) 'நன்' என்று வைத்தால் பிழை போய்விடும், ஆனால் பாதியில் அறுந்த ஓடர் பாதியாகவே பதிவில் கிடக்கும். பார்வைக்கு மட்டும் என்றால் அது போதும். ஓடர் எடுப்பதானால் அந்தக் கோப்புகளுக்கு ஜர்னலைத் தொடங்குங்கள். ஜர்னல் பதிவுகள் சேரும் ரிசீவர்களைச் சேமித்து அழிக்கும் ஒழுங்கையும் அன்றைக்கே செய்யுங்கள், இல்லாவிட்டால் வட்டு நிரம்பும்.

எழுத்துகளுக்குப் பதிலாகப் பதினாறடிமான எண்கள் வந்தால், அந்தக் களத்தின் சிசிஎஸ்ஐடி (எழுத்துக் குறியாக்க எண்) 65535, அதாவது மாற்றாமல் விடு என்று பொருள். இயக்கியில் 'டிரான்ஸ்லேட் பைனரி'யை 'ட்ரூ' ஆக்குங்கள். பொருட்பெயரைத் தமிழில் காட்ட வேண்டுமானால், பழைய கோப்பில் புதிய களம் சேர்க்காதீர்கள். பதிவின் வடிவம் மாறியதும் ஆர்பிஜி நிரல்கள் 'லெவல் செக்' பிழையோடு ஒவ்வொன்றாக நிற்கும். பொருட்குறியீட்டைச் சாவியாகக் கொண்டு தனி அட்டவணை போட்டு, பெயர்க் களத்துக்குச் சிசிஎஸ்ஐடி 1200 (யூனிகோடு) கொடுங்கள். பெயர்ப் பட்டியல் எக்செலில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டப்பட்டிருந்தால் (நம் பக்கம் பெரும்பாலும் அப்படித்தான்) ஏற்றுமுன் யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

செயலிக்கெனத் தனிப் பயனர் கணக்கு, சிறப்பு அதிகாரம் எதுவும் இல்லாமல். கடவுச்சொல் நிலையைக் குறிக்கும் கியூபிடபிள்யூடிஎல்விஎல் அமைப்பு 0-இல் இருந்தால் கடவுச்சொல் 10 எழுத்துக்கு மேல் போகாது, பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாடும் கிடையாது; போர்ட்களை அவ்வளவு இறுக்கச் சொன்னதற்கு அதுவும் காரணம். கடவுச்சொல்லை மாற்றும்போது முதலில் செயலியை நிறுத்துங்கள். ஓடிக்கொண்டிருக்கும் இணைப்புக் குளம் (செயலி திறந்தே வைத்திருக்கும் தரவுத்தள இணைப்புகள்) பழைய சொல்லோடு திரும்பத் திரும்பத் தட்டி, சில விநாடிகளில் கணக்கை முடக்கிவிடும். பிறகு வலையமைப்பில் கோளாறு என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

முழு அமைப்பையும் சேமிக்கும் 'கோ சேவ்' 21-க்காகப் பெட்டி கட்டுப்பாட்டு நிலைக்குப் போகும்போது எல்லா இணைப்பும் அறும். குளத்தில் ஒவ்வோர் இணைப்பையும் கொடுக்குமுன் சோதிக்கும் அமைப்பைப் போடுங்கள். சோதனைக்கு, சிஸ்ஐபிஎம் நூலகத்தில் உள்ள சிஸ்டம்மி1 என்ற ஒரு வரி அட்டவணையிலிருந்து அந்த வரியை எடுத்தால் போதும். அந்த நேரத்தில் பார்ப்பவருக்கு என்ஜின்எக்ஸ் ஒரு அறிவிப்புப் பக்கம் காட்டட்டும்.

செயலி திடீரென மந்தமானால் தரவுத்தளக் கேள்விகளைத் திருத்துமுன், பழைய பெட்டியில் வட்டுகளை இயக்கும் ரெய்டு அட்டையின் கேஷ் பேட்டரியைப் பாருங்கள். அது செத்தால் எழுதும் கேஷ் நின்று, வட்டு ஊர்ந்து போகும். எஸ்டிஆர்எஸ்எஸ்டி (சேவைக் கருவிகளைத் திறக்கும் கட்டளை)-க்குள் வன்பொருள் சேவை மேலாளரில் பேட்டரி நிலை தெரியும். மாற்றுமுன் அங்கேயே அதைப் பிழை நிலைக்குத் தள்ளுங்கள். கேஷில் இருப்பது அப்போதுதான் வட்டுக்கு இறங்கும். 'மாற்றலாம்' என்று திரை சொல்லும்வரை கழற்றாதீர்கள். உவர்மலையிலோ உப்புவெளியிலோ வாடைக் காலத்தில் சன்னலைத் திறந்து வைத்த அறையில் உப்பீரம் அட்டைகளின் முனைகளை அரிக்கும். மூடிய அறையும் குளிரூட்டியும் இதற்கு ஆடம்பரமல்ல.

உதிரிக்கென்று பழைய பெட்டி ஒன்று வாங்குவீர்களானால், உரிமச் சாவிகள் தொடர் எண்ணோடு கட்டப்பட்டவை என்பதை விலை பேசுமுன் நினைவில் கொள்ளுங்கள். உங்கள் காப்பு நாடாவை அதில் மீட்டாலும் சாவி ஏற்காது. சலுகைக் காலம் 70 நாள்தான்.