ஓண ஊஞ்சல் கணினியில் மட்டும் ஏன் தானாக உயரே போகிறது?

கன்னியாகுமரி மாவட்டத்தில் விளவங்கோடு, கல்குளம் பக்கம் ஓணத்துக்கு அயினி மரக் கொம்பில் கட்டுகிற ஊஞ்சலை எடுத்துக்கொள்வோம். கயிறு 4 மீட்டர். ஒருமுறை போய்வர ஏறத்தாழ 4 விநாடி. காற்றும் உராய்வும் இல்லையென்றால் ஆட்டம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இதை எக்செல் தாளில் போட்டுப் பாருங்கள்.

படி 1: நேரம், கோணம், கோண வேகம், ஆற்றல் என நான்கு நெடுவரிசைகள். தொடக்கம்: நேரம் 0, கோணம் 0.1, வேகம் 0. கோணம் டிகிரியில் அல்ல, ரேடியனில்தான் இருக்க வேண்டும்; பலர் சறுக்குவது இங்கேதான்.

படி 2: புவியீர்ப்பு முடுக்கம் 9.8-ஐக் கயிற்று நீளம் 4-ஆல் வகுத்தால் 2.45. காலப்படி, அதாவது ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையிலான நேரம், 0.02 விநாடி.

புதிய கோணம் = பழைய கோணம் + பழைய வேகம் × 0.02
புதிய வேகம் = பழைய வேகம் − 2.45 × பழைய கோணம் × 0.02
ஆற்றல் = 400 × (வேகம்² + 2.45 × கோணம்²)

400 என்பது 50 கிலோ ஆளுக்கான பெருக்கெண். விடை ஜூலில் வரும். முதல் வரியில் 9.8 ஜூல் வரவில்லையென்றால் அங்கேயே நிறுத்தித் திருத்துங்கள்.

படி 3: 3000 வரி கீழே இழுங்கள். ஒரு நிமிட ஆட்டத்தில் ஆற்றல் சுமார் 185 ஜூல், 19 மடங்கு! யாரும் உந்தாமலே வீச்சு 4 மடங்குக்கு மேல் போய்விடும். பழைய மதிப்புகளை மட்டும் வைத்துப் புதியதைக் கணக்கிடும் இந்த வழிக்கு ஆய்லர் முறை என்று பெயர்; இதுதான் அதன் குணம். கோணத்தையும் வேகத்தையும் இரு அச்சில் வரைந்தால் மூடிய வளைவாக வரவேண்டிய பாதையில் ஒவ்வொரு படியும் தொடுகோட்டின் வழியே நேராகப் போய், வளைவுக்கு வெளியே இறங்குகிறது. ஒரு படிக்கு ஆற்றல் 1.00098 மடங்கு, பார்க்கச் சின்னது, 3000 முறை பெருகும்போது தெரியும். படியை 0.01 ஆக்கி 6000 வரி இழுத்தாலும் ஆற்றல் 4.35 மடங்கு ஆகிவிடும்.

படி 4: முதலில் வேகத்தைக் கணக்கிடுங்கள். பிறகு கோணச் சூத்திரத்தில் பழைய வேகத்துக்குப் பதில் அந்தப் புதிய வேகத்தைக் கொடுங்கள். ஒரே ஒரு செல் மாற்றம். இப்போது ஆற்றல் 1.6 சதவீதம் அளவுக்கு மேலும் கீழும் அசையும், ஏறிக்கொண்டே போகாது. இதற்குப் பெயர் சிம்ப்ளெக்டிக் ஆய்லர். இதற்கும் எல்லை உண்டு: காலப்படி 1.28 விநாடியைத் தாண்டினால் எண்கள் வெடித்துச் சிதறும். ஒரு ஆட்டத்துக்கு 20 படியாவது வையுங்கள்.

ஏறும் ஆற்றலை அடக்க இல்லாத உராய்வைச் சேர்க்காதீர்கள்; பிழை மறையும், தீராது. பெரிய கோணமானால் வேகச் சூத்திரத்தில் கோணத்துக்குப் பதில் அதன் சைன் வரவேண்டும். ஆற்றலிலும் 2.45 × கோணம்² இருந்த இடத்தில் 4.9 × (1 − கொசைன்) போடுங்கள். ஒன்றை மாற்றி மற்றதை மறந்தால், சரியான கணக்கிலும் ஆற்றல் தவறாகத் தெரியும்.