உங்க ஸ்டாப்ல பஸ்ஸுக்கு உண்மையில எவ்வளவு நேரம் நிக்கிறீங்க? நீங்களே அளந்து கணக்கு போடுறது எப்படி

மணிக்கு 6 பஸ் வருதுன்னா 10 நிமிஷத்துக்கு ஒண்ணு, அப்போ சராசரியா 5 நிமிஷம் நின்னா போதும்னு தான் எல்லாரும் நினைப்போம், டைம் டேபிள் போடுறவங்க கணக்கும் அதே தான். ஆனா ஸ்டாப்ல நிக்கிற ஆளைக் கேட்டா "அட போங்க, அரை மணி நேரமா ஒண்ணையும் காணோம், இப்ப பாருங்க மூணு சேர்ந்து வருது"ன்னு சொல்வாங்க. ரெண்டு பேர் சொல்றதும் ஒரே நேரத்துல உண்மையா இருக்க முடியும். இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்தை ஒரு நோட்டும் போனும் வெச்சு யார் வேணும்னாலும் அளக்கலாம், அதை எப்படி பண்றதுன்னு தான் இங்க சொல்லப் போறேன். போக்குவரத்து பொருளாதாரம், ஆபரேஷன்ஸ் ரிசர்ச் படிக்கிறவங்க இதுக்குன்னே அழகான கருவிகளை உருவாக்கி வெச்சிருக்காங்க, அதெல்லாம் கிளாஸ் ரூமுக்குள்ளயே கிடக்குறது எனக்கு ரொம்ப வருத்தம்.

முதல்ல என்ன எண்ணணும்னு முடிவு பண்ணுங்க. நிறைய பேர் இங்கயே வழுக்கிடுவாங்க, "29சி எத்தனை வருது"ன்னு எண்ண ஆரம்பிச்சிடுவாங்க. உங்களுக்கு வேண்டியது பஸ் நம்பர் இல்ல, போற இடம். உதாரணத்துக்கு சென்னையில பெசன்ட் நகர்ல இருந்து அடையாறு போறவங்களுக்கு 29சி வந்தாலும் சரி, 23சி வந்தாலும் சரி, 5இ வந்தாலும் சரி, ஏறிடுவாங்க, அதனால அந்த மூணையும் சேர்த்து ஒரே வரிசையா எண்ணணும். ஆனா பெரம்பூர் போறவங்களுக்கு 29சி மட்டும் தான் கணக்கு. ஒரே ஸ்டாப், ஒரே மணி நேரம், ரெண்டு வேற வேற பதில் வரும், ரெண்டும் சரி. கட் சர்வீஸ் இருந்தா அது எதுவரைக்கும் போகுதுன்னு கண்டிப்பா எழுதுங்க, பாதி வழியில திரும்புற பஸ்ஸை முழு பஸ்ஸா எண்ணினா கணக்கு கெட்டுப்போகும்.

அடுத்தது டிக்கெட். 2021 மே மாசத்துல இருந்து சாதாரண கட்டண பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் காசு இல்ல. அதனால ஒரு வீட்டு வேலைக்குப் போற அம்மாவும் ஐடி கம்பெனிக்குப் போற தம்பியும் ஒரே ஸ்டாப்ல நின்னாலும் ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுக்கு நிக்கல. தம்பி டீலக்ஸ் வந்தாலும் ஏறிடுவான், அந்தம்மா ஒயிட் போர்டு, அதாவது சாதாரண கட்டண பஸ், வர்ற வரைக்கும் நிப்பாங்க. ஆகவே நோட்டுல சாதாரண பஸ்ஸா இல்லையான்னு ஒரு காலம் (column) தனியா போடுங்க, பின்னாடி இதை வெச்சு தான் முக்கியமான ஒரு கணக்கு வருது.

நோட்டுல காலங்கள் இவ்வளவு போதும்: பஸ் கிளம்பின நேரம், ரூட் நம்பர், போர்டு என்ன, கூட்டம் எவ்வளவு. கூட்டத்துக்கு தலையை எண்ண முடியாது, 1-ல இருந்து 5 வரைக்கும் மார்க் போட்டா போதும், 1ன்னா சீட் காலி, 3ன்னா நிறைய பேர் நிக்கிறாங்க, 5ன்னா படியில தொங்குறாங்க, நிக்காம போனா அதையும் "நிக்கல"ன்னு எழுதணும். நிக்காம போன பஸ்ஸை எண்ணக்கூடாது, ஏன்னா ஸ்டாப்ல இருக்கிறவங்களுக்கு அது வரவே இல்லாத மாதிரி தான், ஆனா கவர்ன்மென்ட் ரிப்போர்ட்ல அது ஓடின நடையா (டிரிப்பா) தான் இருக்கும். நேரத்தை ஆரம்பிக்கிறது ஒரு பஸ் கிளம்பும்போது, முடிக்கிறதும் ஒரு பஸ் கிளம்பும்போது. 8 மணிக்கு டாண்ணு ஆரம்பிச்சு 9 மணிக்கு டாண்ணு முடிச்சா முன்னாடியும் பின்னாடியும் ஒரு பாதி இடைவெளி தொங்கிக்கிட்டு நிக்கும். ஆப்ல பஸ் எங்க வருதுன்னு பாக்கலாம் தான், ஆனா அதுல காட்டுற நேரம் கணிப்பு, நமக்கு வேண்டியது நடந்தது, அதனால கண்ணால பாத்து எழுதுங்க. ஒரே நாள்ல முடிவு பண்ணாதீங்க, ஸ்கூல் இருக்கிற வேலை நாளா பாத்து ஒரே நேரத்துல சில நாள் எடுங்க.

இப்ப கணக்கு. ஒரு மாதிரிக்கு இப்படி வெச்சுக்குவோம், ஒரு மணி நேரத்துல 6 இடைவெளி, நிமிஷத்துல 2, 18, 1, 25, 3, 11. கூட்டினா 60. சராசரி இடைவெளி 10 நிமிஷம் தான், டைம் டேபிள்ல இருக்கிற மாதிரியே. இப்ப ஒவ்வொண்ணையும் அதாலயே பெருக்குங்க, 4, 324, 1, 625, 9, 121, மொத்தம் 1084. இதை மொத்த நேரத்தோட ரெண்டு மடங்கால, அதாவது 120-ஆல, வகுத்தா 9 நிமிஷம் வருது. பஸ் எண்ணிக்கை குறையவே இல்ல, ஒரு நடை கூட கேன்சல் ஆகல, ஆனா காத்திருப்பு 5-ல இருந்து 9 ஆயிடுச்சு. வேற ஒரு ஃபார்முலாவும் வேண்டாம், வர்க்கங்களோட, அதாவது அதாலயே பெருக்கின நம்பர்களோட கூட்டல், அதை மொத்த நேரத்தோட இரு மடங்கால வகுத்தா போதும்.

ஏன் வர்க்கம்னு கேப்பீங்க. ஜனங்க நிமிஷத்துக்கு ஒருத்தரா ஸ்டாப்புக்கு வர்றாங்கன்னு வெச்சுக்கோங்க. அந்த 25 நிமிஷ இடைவெளியில 25 பேர் வந்து மாட்டுவாங்க, ஆளுக்கு சராசரியா பன்னெண்டரை நிமிஷம் நிப்பாங்க. அந்த 1 நிமிஷ இடைவெளியோட சுகத்தை அனுபவிக்கிறது ஒரே ஒருத்தர். நீளமான இடைவெளியில நிறைய பேரு, அதுலயும் நிறைய நேரம், ரெண்டும் பெருகுது. பஸ்ஸை எண்ணினா 6, ஆளை எண்ணினா தான் இந்த 9 வெளிய வரும். எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயமே இது தான், பஸ் பக்கம் நின்னு பாக்குறதுக்கும் ஸ்டாப் பக்கம் நின்னு பாக்குறதுக்கும் உள்ள தூரத்தை ஒரு நம்பர்ல சொல்லிடுது.

இந்த 9-ல இருந்து டைம் டேபிள்படி வர வேண்டிய 5-ஐ கழிங்க, மிச்சம் 4 நிமிஷம். அது தான் கூடுதல் காத்திருப்பு. லண்டன்ல மணிக்கு 5 பஸ்ஸோ அதுக்கு மேலயோ ஓடுற ரூட்டுக்கெல்லாம் இதைத் தான் அளக்குறாங்க, 2001-ல இருந்து தனியார் ஆபரேட்டர்களோட ஒப்பந்தத்துலயே இதைக் கட்டிப் போட்டு, கூடுதல் காத்திருப்பு இலக்கை விட குறைஞ்சா போனஸ், ஏறினா காசு பிடிப்புன்னு வெச்சிருக்காங்க. அதே நாட்டுல லண்டனுக்கு வெளிய 1986 அக்டோபர் 26-ல பஸ்ஸை திறந்த சந்தையா விட்டாங்க, யார் வேணும்னாலும் ஓட்டலாம்னு, அங்க என்ன ஆச்சுன்னா ஒருத்தன் பஸ்ஸுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி இன்னொருத்தன் ஓட்டி ஸ்டாப்ல நிக்கிற கூட்டத்தை அள்ளிக்கிட்டுப் போற பழக்கம் வந்துச்சு. நம்ம ஊர் ஷேர் ஆட்டோக்காரர் பஸ் தூரத்துல தெரியும்போது "ஏறுங்க ஏறுங்க"ன்னு அவசரப்படுத்துறது அதே பொருளாதாரம் தான். ஆனா அதே ஷேர் ஆட்டோ தான் அந்த 25 நிமிஷ ஓட்டையில நம்மளைக் காப்பாத்துறதும், அதனால அதையும் தனி காலத்துல எழுதுங்க, திட்டுறதுக்காக இல்ல, எந்த நேரத்துல அவங்க அதிகமா வர்றாங்களோ அங்க பஸ் இடைவெளி நீளம்னு அதுவே காட்டிக் கொடுக்கும்.

இப்ப சாதாரண பஸ்ஸா இல்லையான்னு போட்ட அந்த தனி காலத்துக்கு வருவோம். அதே 60 நிமிஷத்துல, ஆரம்பத்துல போனதும் 21-ஆவது நிமிஷம், 60-ஆவது நிமிஷம் வந்ததும் மட்டும் தான் ஒயிட் போர்டுன்னு வெச்சா இடைவெளி 21, 39. வர்க்கம் 441, 1521, கூட்டல் 1962, 120-ஆல வகுத்தா 16 நிமிஷத்துக்கு மேல. தம்பிக்கு 9, அந்தம்மாவுக்கு 16. இலவசம்னு சொல்ற டிக்கெட்டுக்கு அவங்க தன் நேரத்துல ஏழு நிமிஷம் கூடுதலா குடுக்குறாங்க. ஸ்டாப்ல நிக்கிற ஒரு நிமிஷம் பஸ்ஸுக்குள்ள உட்கார்ந்திருக்கிற ஒரு நிமிஷத்தை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு கனம்னு தான் போக்குவரத்து பொருளாதாரத்துல பொதுவா எடுத்துக்குவாங்க, மே மாச வெயில்ல ஷெல்டர் இல்லாத ஸ்டாப்ல அது இன்னும் கனம்னு நான் சொல்வேன். உங்க ரிப்போர்ட்ல இந்த நம்பரை மேல போடுங்க.

சரி, பஸ் ஏன் சேர்ந்து சேர்ந்து வருது? டிரைவரைத் திட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க. நியூவெல், பாட்ஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1964-லயே கணக்கு போட்டுக் காட்டிட்டாங்க. ஒரு பஸ் சைதாப்பேட்டை சிக்னல்ல ரெண்டு நிமிஷம் மாட்டுதுன்னா, அடுத்த ஸ்டாப்ல அதுக்காக ரெண்டு நிமிஷக் கூட்டம் அதிகமா சேர்ந்திருக்கும், ஏத்தி இறக்க இன்னும் லேட், அதுக்கடுத்த ஸ்டாப்ல இன்னும் கூட்டம். பின்னாடி வர்ற பஸ்ஸுக்கு ஸ்டாப்ல ஆளே இல்ல, விறுவிறுன்னு வந்து முன்னாடி பஸ்ஸை முட்டிக்கிட்டு நிக்கும். உங்க நோட்டுல கூட்ட மார்க்கைப் பாருங்க, நீளமான இடைவெளிக்கு அப்புறம் வர்றது 5, அதுக்கு ஒரு நிமிஷம் பின்னாடி வர்றது 1 அல்லது 2. இந்த ஜோடி திரும்பத் திரும்ப வந்துச்சுன்னா உங்க ஸ்டாப்ல பஸ் பத்தாக்குறை இல்ல, பஸ் பரவல் சரியில்லைன்னு அர்த்தம். ரெண்டு பஸ்ஸும் 5-ன்னா அது வேற வியாதி, அங்க உண்மையிலயே பஸ் பத்தல. மனு எழுதும்போது இந்த ரெண்டையும் பிரிச்சு சொல்றவங்க ரொம்பக் குறைவு, பிரிச்சு சொன்னா கேக்குறவங்களுக்கும் எதை செய்யணும்னு தெரியும்.

பரவல் சரியில்லைன்னா மருந்து காசில்லாத மருந்து, டெர்மினஸ்ல டைம்கீப்பர் ஒரு பஸ்ஸைக் கொஞ்ச நேரம் பிடிச்சு வெச்சு அனுப்புறது. மேல சொன்ன உதாரணத்துல அந்த 1 நிமிஷத்துல ஒட்டிக்கிட்டு வந்த பஸ்ஸை 5 நிமிஷம் பிடிச்சா 1, 25 ங்கிற இடைவெளி 6, 20 ஆகும். வர்க்கத்தோட கூட்டல் 1084-ல இருந்து 894-க்கு இறங்கும், காத்திருப்பு ஏழரை நிமிஷம். நிமிஷத்துக்கு ரெண்டு பேர் வர்ற ஸ்டாப்னா அந்த ஒரு மணி நேரத்துல எல்லாருக்குமா சேர்த்து 190 நிமிஷம் மிச்சம். செலவு என்ன, அந்த பஸ்ஸுக்குள்ள ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறவங்க ஆளுக்கு 5 நிமிஷம். 38 பேருக்குக் கீழ இருந்தா லாபம், ஒட்டிக்கிட்டு வர்ற பஸ்ல பொதுவா அவ்வளவு பேர் இருக்கவே மாட்டாங்க. இது ஒரே ஒரு ஸ்டாப்போட கணக்கு, ரூட்ல வர்ற மத்த ஸ்டாப்புக்கும் சேர்த்தா லாபம் இன்னும் கூடும். நடு வழியில பிடிச்சா உள்ள இருக்கிறவங்க சண்டைக்கு வருவாங்க, அதனால டெர்மினஸ்ல கிளம்புறதுக்கு முன்னாடி பிடிக்கிறது தான் நல்லது.

பஸ் உண்மையிலயே பத்தலைன்னா எவ்வளவு கேக்கலாம்? இதுக்கு ஹெர்பர்ட் மோரிங்ங்கிற பொருளாதார அறிஞர் 1972-ல எழுதினது தான் அடிப்படை. பஸ் அதிகமானா ஓட்டுற செலவு ஏறும், காத்திருக்கிற செலவு இறங்கும், ரெண்டையும் கூட்டினா மிகக் குறைவா வர்ற இடம் எதுன்னு பாத்தா, பஸ் எண்ணிக்கை பயணிகள் எண்ணிக்கையோட வர்க்கமூலத்தைப் பொறுத்து இருக்கணும்னு வருது. மணிக்கு 400 பேர் வர்ற ரூட்டுக்கும் 100 பேர் வர்ற ரூட்டுக்கும் 4-க்கு 1ன்னு இல்ல, 2-க்கு 1ன்னு பஸ் விடணும், அதாவது கூட்டம் கம்மியா இருக்கிற ரூட்டுக்கு நாம நினைக்கிறதை விட அதிகமா. ஆனா இது மதிய நேரத்துக்கும் ராத்திரிக்கும் தான் பொருந்தும், காலையில பஸ் நிரம்பி வழியுற நேரத்துல ஏத்த இடம் இருக்கான்னு தான் பாக்கணும். இன்னொண்ணும் இதுல இருந்து வருது, புதுசா ஏறுற பயணிகளுக்காக பஸ் கூடினா ஏற்கெனவே போறவங்களோட காத்திருப்பும் குறையுது, பஸ்ஸுக்கு அரசு மானியம் குடுக்கிறதுக்கு பொருளாதாரத்துல இருக்கிற பலமான காரணங்கள்ல ஒண்ணு இது தான். கூட்டம் கூடி பஸ் கூடலைன்னா அந்தப் பலன் வரவே வராது.

இப்ப இதை யார்கிட்ட கொண்டு போறது. கட்டணத்தைப் பத்தி டிப்போல பேசாதீங்க, மோட்டார் வாகனச் சட்டம் 1988, 67-ஆவது பிரிவுப்படி அது மாநில அரசு முடிவு. பஸ் நேரம், நடை எண்ணிக்கைன்னா அந்த ரூட்டை ஓட்டுற டிப்போவோட கிளை மேலாளர், அப்புறம் மாநகர் போக்குவரத்துக் கழகத்தோட தலைமை அலுவலகமான பல்லவன் இல்லம். மெட்ரோ, ரயில், பஸ் மூணும் ஒத்துப் போகலைங்கிற மாதிரி விஷயம்னா கும்டா, அதாவது சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், 2010 சட்டப்படி வந்த அமைப்பு, அதோட வேலையே ஒருங்கிணைக்கிறது தான்.

மனுவுக்கு முன்னாடி ஒரு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட விண்ணப்பம்) போடுங்க. 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, இந்த ரூட்ல இந்த தேதிகள்ல காலை 8-ல இருந்து 10 வரைக்கும் டெர்மினஸ்ல இருந்து கிளம்ப வேண்டிய நேரம் என்ன, கிளம்பின நேரம் என்ன, ரத்தான நடை எத்தனைன்னு மட்டும் கேளுங்க, பெருசா கேட்டா பெருசா மறுப்பாங்க. 30 நாள்ல பதில் வரணும். நீங்க நோட்டுல எழுதின அதே தேதிகளைக் கேளுங்க, அப்ப தான் டெர்மினஸ்லயே சேர்ந்து கிளம்புச்சா, வழியில சேர்ந்துச்சான்னு தெரியும். டெர்மினஸ்லயே ஒட்டிக்கிட்டு கிளம்பியிருந்தா டைம்கீப்பர் கையில தீர்வு இருக்கு, வழியில ஒட்டியிருந்தா எந்த சிக்னல், எந்த ஸ்டாப்னு பாத்து டிராஃபிக் போலீஸுக்கும் ஒரு காப்பி போடுங்க.

மனுவை ஒரு பக்கத்துக்கு மேல எழுதாதீங்க. முதல் வரியில கூடுதல் காத்திருப்பு நிமிஷம், ரெண்டாவது வரியில ஒயிட் போர்டுக்குத் தனியா, அப்புறம் என்ன கேக்குறீங்கன்னு ஒரே ஒரு கோரிக்கை. நோட்டோட போட்டோ காப்பியை இணைங்க, கையெழுத்து கோழிக் கிறுக்கலா இருந்தாலும் பரவாயில்ல, அசலா இருக்கிறது தான் முக்கியம். மாத்தம் எதாவது செஞ்சாங்கன்னா அதே ஸ்டாப், அதே கிழமை, அதே நேரத்துல திரும்ப எடுங்க, ஐப்பசி மழையில எடுத்ததையும் பங்குனியில எடுத்ததையும் பக்கத்துல வெச்சு ஒப்பிடாதீங்க, மழை நாள் கணக்குக்கு நோட்டுல வேற பக்கம் வெச்சுக்கோங்க.